நஞ்சிலிருந்து முகப்பூச்சு வரை: ஆறு அமினோ அமிலங்களின் வரலாறு



ஆசிரியர் பணியில் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட எனக்கு, 'தெரியாது' என்னும் சொல்லைச் சொல்ல இன்னமும் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தால் நேர்ந்த ஒரு பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நாளன்று, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் என்னிடம் ஒரு வண்ணத் துண்டறிக்கையை நீட்டினார். முகச் சுருக்கத்தைப் போக்கும் பூச்சு ஒன்றின் விளம்பரம் அது. 'ஊசியில்லாத போட்டாக்ஸ்', 'அறிவியல் முறையில் நிரூபிக்கப்பட்டது', 'முப்பது நாளில் 30 விழுக்காடு சுருக்கம் குறையும்' என்றெல்லாம் அச்சிடப்பட்டிருந்தது. நடுவில் ஆறு மணிகள் கோத்த மாலையைப் போன்ற ஒரு மூலக்கூற்றின் படம்.

"சார், நீங்கதானே அறிவியல் சொல்லிக் கொடுக்கிறீங்க. இது உண்மைதானா?" என்று கேட்டார்.

பத்துப் பெற்றோர் வரிசையில் காத்திருந்தனர். நான் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, "பெப்டைடு என்று போட்டிருக்கிறார்கள். அறிவியல் அடிப்படை உள்ளதாகத்தான் தெரிகிறது அம்மா" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அவர் 1,500 ரிங்கிட் கட்டி விற்பனை முகவராகச் சேர்ந்துவிட்டார் என்பது. தொழிற்சாலையில் மிகைநேர வேலை செய்து சேர்த்த பணம் அது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லின் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னே, ஜெர்மனியின் ஒரு சிற்றூருக்கு அழைத்துச் சென்றது. அந்த வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கவிஞர் கண்ட நஞ்சு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய தென்மேற்கு ஜெர்மனியிலுள்ள வூர்ட்டம்பெர்க் வட்டாரத்தில் சாசேஜ் எனப்படும் தொத்திறைச்சியை உண்டவர்கள் ஒரு விந்தையான நோயால் மடிந்தனர். கண் இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், விழுங்க முடியாது, கைகால் தளரும், இறுதியில் மூச்சு நிற்கும். ஆனால், நோயாளியின் அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாகவே இருக்கும்.

இந்நோயை ஆராய முற்பட்டவர் யுஸ்டினுஸ் கெர்னர். இவர் மருத்துவர் மட்டுமல்லர், ஜெர்மன் இலக்கியத்தில் இடம்பெற்ற கவிஞரும் ஆவார். 1820இல் 76 நோயாளிகளின் விவரங்களையும், 1822இல் 155 நோயாளிகளின் விவரங்களையும் தொகுத்து வெளியிட்டார். கெட்டுப்போன தொத்திறைச்சியிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தம் நாவிலும் சில துளிகளை இட்டுப் பார்த்தார்! நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஆணையை இந்நஞ்சு தடுத்துவிடுகிறது என்று அவர் சரியாகவே கணித்தார். அதோடு, நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்கும் நோய்களுக்கு இதே நஞ்சை மிகச் சிறிய அளவில் மருந்தாகத் தரலாம் என்றும் எழுதிவைத்தார். அந்தக் கருத்து மெய்ப்பட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதைக் கெர்னரால் காண இயலவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போது பிறக்கவில்லை. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்னும் சிற்றூரில், இறுதிச் சடங்கொன்றில் இசை வாசித்த குழுவினர் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியை உண்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கம் அந்த இறைச்சியையும் இறந்தவர்களின் உடற்பகுதிகளையும் ஆராய்ந்து, காற்றில்லா இடத்தில் வளரும் பாக்டீரியா ஒன்றைக் கண்டறிந்து 1897இல் அறிவித்தார். தொத்திறைச்சியைக் குறிக்கும் 'போட்டுலுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. இன்று அதனைக் கிளோஸ்திரிடியம் போட்டுலினம் என்கிறோம். 'போட்டாக்ஸ்' என்ற பெயரின் வேரும் இதுவே. அழகு நிலையத்தில் ஒலிக்கும் அச்சொல்லுக்குள் கெட்டுப்போன இறைச்சியின் பெயர் ஒளிந்திருப்பதை எத்தனை பேர் அறிவர்?

நஞ்சு மருந்தானது

1949இல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் பர்கனும் உடன் பணியாற்றியவர்களும், நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிவருவதை இந்நஞ்சு தடுக்கிறது என்று காட்டினர். நம் தசை சுருங்க வேண்டுமானால் நரம்பு முனை அப்பொருளை வெளியிட வேண்டும். அது வராவிட்டால் தசை தளர்ந்தே கிடக்கும்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணுக்கு அறுவை சிகிச்சைக்கு மாற்றாக ஏதேனும் உண்டா என்று தேடிக்கொண்டிருந்தார். இழுத்துப் பிடிக்கும் கண் தசையைச் சற்றே தளர்த்தினால் போதுமே என்று எண்ணினார். குரங்குகளில் செய்த ஆய்வை 1973இல் வெளியிட்டார். பின்னர் மனிதர்களிடம் சோதித்தார். 1989இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், மாறுகண்ணுக்கும் கட்டுப்பாடின்றி இமை மூடிக்கொள்ளும் நோய்க்கும் இதனை மருந்தாக ஏற்றது. கெர்னரின் கனவு நனவானது.

முகச் சுருக்கத்துக்கு இது வந்து சேர்ந்த கதை இன்னும் சுவையானது. கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கருத்தர்ஸ் கண் மருத்துவர். அவருடைய கணவர் அலஸ்டர் கருத்தர்ஸ் தோல் மருத்துவர். 1987இல், இமை நோய்க்காக வந்த பெண்மணி ஒருவர், தம் புருவங்களுக்கு நடுவிலும் ஊசி போடும்படி கேட்டார். அங்கு ஊசி போட்டால் முகம் கவலையற்றுத் தோன்றுகிறது என்பது அவர் உற்றறிந்த செய்தி! இணையர் இருவரும் அதை ஆராய்ந்து, 18 பேரிடம் செய்த சிகிச்சையின் முடிவை 1992இல் வெளியிட்டனர். புருவ நடுவிலுள்ள கோடுகளுக்கு இதனைப் பயன்படுத்த 2002 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். கெர்னரின் கணிப்பிலிருந்து இந்த அனுமதிவரை ஏறக்குறைய 180 ஆண்டுகள். நோயாளிகளைக் கண்ட மருத்துவர், கிருமியைக் கண்டவர், நரம்பில் அது செய்யும் வேலையைக் கண்டவர், விலங்கில் சோதித்தவர், மனிதரில் சோதித்தவர் எனப் படிப்படியாகவே சான்று வளர்ந்தது.

கயிறு திரிக்கும் புரதங்கள்

நஞ்சு நரம்பு முனையில் எதைத் தாக்குகிறது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. நரம்பு முனைக்குள் அசிட்டைல்கோலின் நிரம்பிய நுண்பைகள் காத்திருக்கின்றன. நுண்பை நரம்பின் மேற்சவ்வோடு ஒட்டிக் கலந்தால்தான் உள்ளிருப்பது வெளிவரும். அவ்வாறு ஒட்டவைப்பவை மூன்று புரதங்கள். கயிறு திரிப்பவர் இழைகளை முறுக்குவதுபோல் இவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, நுண்பையைச் சவ்வின்மீது இழுத்து அழுத்துகின்றன. அம்மூன்றில் ஒன்றின் பெயர் ஸ்னாப்-25. அது 206 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி.

1993இல், தாமஸ் சுதோஃப், ரைன்ஹார்ட் யான் ஆகியோர் இடம்பெற்ற குழு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. போட்டுலினம் நஞ்சின் 'ஏ' வகை, ஸ்னாப்-25 புரதத்தை வெட்டிவிடுகிறது என்பதே அதன் முடிவு. வால் பகுதியில் ஒன்பது அமினோ அமிலங்கள் துண்டாகின்றன. கயிறு சரியாகத் திரிபடுவதில்லை. ஆணை தசையைச் சேர்வதில்லை. உயிரணுக்களுக்குள் நுண்பைகளின் போக்குவரத்தை விளக்கியதற்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சுதோஃப் ஆகிய மூவரும் 2013இல் நோபல் பரிசு பெற்றனர்.

துண்டறிக்கையில் நான் கண்ட ஆறு மணி மாலை இவ்விடத்தில்தான் வரலாற்றுக்குள் நுழைகிறது.

ஆறு மணிகளின் பிறப்பு

ஸ்பெயின் நாட்டின் எல்ச்சே நகரிலுள்ள மிகெல் எர்னாண்டஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஸ்னாப்-25 புரதத்தின் சிறு துண்டுகளைச் செயற்கையாக உருவாக்கினால் அவை கயிறு திரிப்பில் குறுக்கிடுமா என்று பார்த்து வந்தனர். உண்மையான இழைக்குப் பதில் போலி இழை ஒன்று இடத்தைப் பிடித்துக்கொண்டால் கயிறு உறுதியாக அமையாது அல்லவா? அந்த எண்ணத்திலிருந்து, பார்சிலோனாவின் லிப்போடெக் நிறுவனத்தோடு இணைந்து உருவானதே 'ஆர்ஜிரெலின்'. குளுட்டாமிக் அமிலம் இரண்டு, மெத்தியோனின் ஒன்று, குளுட்டாமின் ஒன்று, ஆர்ஜினின் இரண்டு என ஆறு அமினோ அமிலங்கள். ஒரு முனையில் அசிட்டைல் தொகுதி சேர்க்கப்பட்டிருக்கும். பூச்சுக் குப்பிகளின் பின்புறத்தில் 'அசிட்டைல் ஹெக்சாபெப்டைடு-8' என்று காணப்படுவது இதுவே. முன்பு அதே பொருளை 'ஹெக்சாபெப்டைடு-3' என்று குறித்தனர்.

போட்டாக்ஸும் இதுவும் ஒரே வேலையைச் செய்வதாக விளம்பரங்கள் கூறும். அப்படியன்று. நஞ்சு, புரதத்தின் வாலை வெட்டுகிறது. பெப்டைடு, அதே புரதத்தின் தலைப்பகுதியைப் போலவே நடித்து இடத்துக்குப் போட்டியிடுகிறது. வெட்டப்பட்ட புரதத்தால் வேலை செய்ய இயலாது; போட்டியில் தோற்ற புரதமோ மறுகணமே மீண்டும் முயலும். இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை எந்தத் துண்டறிக்கையும் சொல்வதில்லை.

2002ஆம் ஆண்டு, அதாவது போட்டாக்ஸ் முகச் சுருக்கத்துக்கு அனுமதி பெற்ற அதே ஆண்டில், 'பன்னாட்டு ஒப்பனை அறிவியல் இதழில்' இந்தப் பெப்டைடைப் பற்றிய முதல் முதன்மையான கட்டுரை வெளிவந்தது. உயிரணுக்களில் வேதிப்பொருள் வெளிவருவதை அது குறைத்தது. ஆயினும் அதன் திறன் நஞ்சின் திறனைவிட மிகக் குறைவு என்று ஆய்வாளர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அடுத்து, 10 விழுக்காடு கலந்த பூச்சைப் பெண்களுக்குத் தடவச் செய்தார்கள். 30 நாளில் சுருக்கத்தின் ஆழம் 30 விழுக்காடுவரை குறைந்தது என்று அறிவித்தார்கள்.

துண்டறிக்கையின் 30 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த எண் பொய்யன்று. ஆனால், சோதனையில் பங்கெடுத்த பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? பத்துப் பேர். 'வரை' என்ற ஒரு சொல்லும் துண்டறிக்கைக்கு வரும் வழியில் தொலைந்துபோயிற்று. '30 விழுக்காடுவரை குறைந்தது' என்பதும் '30 விழுக்காடு குறையும்' என்பதும் ஒன்றா? இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

'10 விழுக்காடு' என்பதிலும் ஒரு நுட்பம் உள்ளது. இப்பெப்டைடு பூச்சு செய்வோருக்கு நீர்க்கரைசலாகவே பெரிதும் விற்கப்படுகிறது. அக்கரைசலில் பெப்டைடின் பங்கு ஒரு விழுக்காட்டைவிட மிகக் குறைவு. குப்பியின் மேல் '10 விழுக்காடு' என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் கரைசலின் அளவே ஒழிய பெப்டைடின் அளவன்று. சர்பத்தில் பத்தில் ஒரு பங்கு ரோஜா நீர் என்றால், பத்தில் ஒரு பங்கு ரோஜா இதழ் என்று பொருளாகுமா?

நான்கு கதவுகள்

சோதனைக் குழாயில் வேலை செய்யும் பொருள் முகத்திலும் வேலை செய்ய வேண்டுமானால் அது பல கதவுகளைக் கடக்க வேண்டும். முதல் கதவு, தோலின் மேற்புறத்திலுள்ள இறந்த உயிரணுப் படலம். இரண்டாவது, மேல்தோல். மூன்றாவது, உள்தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும். நான்காவது, தசையை ஒட்டிய நரம்பு முனையின் சவ்வு. ஸ்னாப்-25 அந்த நரம்பு முனைக்கு உள்ளேதான் இருக்கிறது.

போட்டாக்ஸ் முதல் மூன்று கதவுகளையும் ஊசியின் துணையால் தாண்டிவிடுகிறது. நான்காவது கதவைத் திறக்கும் சாவி அந்த நஞ்சின் அமைப்பிலேயே இருக்கிறது. பூச்சுக்கு ஊசியும் இல்லை, சாவியும் இல்லை.

2000ஆம் ஆண்டில் போஸ், மெயினார்டி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பொதுவிதியை முன்வைத்தனர். மூலக்கூற்று எடை 500 டால்டனுக்கு மேற்பட்ட பொருள்கள் நலமான தோலை எளிதில் ஊடுருவுவதில்லை என்பது அவ்விதி. ஆர்ஜிரெலினின் எடை ஏறத்தாழ 889 டால்டன். ஒப்பிட்டுக் கொள்ளுங்கள், போட்டுலினம் நஞ்சின் எடை ஏறத்தாழ 150,000 டால்டன். அதனால்தான் நஞ்சுக்கு ஊசி தேவைப்படுகிறது.

விதி ஒரு புறம் இருக்கட்டும். நேரடியாக அளந்து பார்த்தவர்கள் உண்டா என்று தேடினேன். உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. முடியற்ற கினி எலியின் தோலிலும், இறந்த மனிதரின் தோலிலும் இப்பெப்டைடு கலந்த பூச்சைத் தடவி, எந்த அடுக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். பெரும்பகுதி மேற்பரப்பிலேயே தங்கிக் கழுவும்போது போய்விட்டது. மனிதத் தோலின் இறந்த படலத்தில் 0.22 விழுக்காடு மட்டுமே இருந்தது. அதற்கு அடுத்த மேல்தோலில் 0.01 விழுக்காடு. உள்தோலில் எதுவுமே தென்படவில்லை. அதாவது, பத்தாயிரம் பங்கு தடவினால் இரண்டாம் கதவுவரை போய்ச் சேர்வது ஒரு பங்கு. மூன்றாம் கதவில் ஒன்றும் இல்லை.

பிறகு எப்படிச் சிலருக்குப் பயன் தெரிகிறது? சீனாவில் 60 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இது முதல் ஆய்வைவிட முறையானது. குலுக்கல் முறையில் பிரித்து, மூவருக்கு மருந்துப் பூச்சு, ஒருவருக்கு வெற்றுப் பூச்சு என்ற கணக்கில் கொடுத்தனர். நான்கு வாரத்தில் மருந்துப் பூச்சு தடவியவர்களில் 48.9 விழுக்காட்டினருக்குப் பயன் தெரிந்தது. வெற்றுப் பூச்சுக் குழுவில் 0 விழுக்காடு. சிலிகான் அச்சு எடுத்து அளந்தபோதும் வேறுபாடு காணப்பட்டது.

இந்த ஆய்வை நான் தள்ளிவிட விரும்பவில்லை. பயன் இருப்பதற்கான சான்று இது. இதை மறைத்தால் துண்டறிக்கை எழுதியவர் செய்ததையே நானும் செய்தவன் ஆவேன். ஆயினும் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். 3:1 என்ற பங்கீட்டின்படி வெற்றுப் பூச்சுக் குழுவுக்குக் கிடைப்பது 15 பேர்தான். சாதாரண ஈரப்பூச்சே தோலில் நீரைத் தேக்கி மெல்லிய கோடுகளைச் சற்று மறைக்கும் இயல்புடையது. அப்படியிருக்க, அந்தப் பதினைந்து பேரில் ஒருவருக்குக்கூடச் சிறு மாற்றமும் தெரியவில்லை என்பது வியப்பாக இல்லையா? நான்கு வாரத்துக்குப் பின் என்ன ஆயிற்று? தசை உண்மையில் தளர்ந்ததா, அல்லது தோலின் மேற்பரப்பு மட்டும் மென்மையானதா? சுருக்கம் சிறிது குறைவது வேறு. போட்டாக்ஸைப் போல் தசையைத் தளர்த்துவது வேறு. முன்னதற்குச் சிறிது சான்று உண்டு. பின்னதற்கு, 2015ஆம் ஆண்டின் அளவீடு எதிராகவே நிற்கிறது.

இன்னொரு பெப்டைடு, இன்னொரு பாடம்

பெப்டைடு என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டுவதும் தவறு. 1993இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகர ஆய்வாளர்கள், கொலாஜன் உருவாகும்போது பிரியும் பகுதியிலிருந்து ஐந்து அமினோ அமிலத் துண்டு ஒன்றைக் கண்டறிந்தனர். அது வளர்ப்புத் தட்டிலுள்ள உயிரணுக்களைக் கொலாஜன் செய்யத் தூண்டியது. பிரான்சின் செதெர்மா நிறுவனம் அதனுடன் பால்மிட்டிக் அமிலம் என்னும் கொழுப்பு வாலைச் சேர்த்தது. எண்ணெய்த் தன்மையுள்ள தோற்படலத்தில் நுழைய அது துணைபுரியும் என்பது நோக்கம். 'மேட்ரிக்சில்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

2005இல் வெளியான ஆய்வில் 35 முதல் 55 வயதுவரையுள்ள 93 பெண்கள் பங்கேற்றனர். ஒரே முகத்தின் ஒரு பக்கம் பெப்டைடு பூச்சு, மறு பக்கம் வெற்றுப் பூச்சு, எது எது என்று தடவியவருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது, 12 வாரம். பத்து இலட்சத்தில் 3 பங்கு என்ற மிகச் சிறிய அளவிலேயே, சுருக்கமும் மெல்லிய கோடுகளும் வெற்றுப் பூச்சைவிடக் குறைந்தன. மாற்றம் பெரிதன்று, ஆனால் சோதனை முறை நல்லது. ஒரே முகத்தின் இரு பக்கம் என்பதால் வயது, உணவு, உறக்கம், வெயில் எல்லாம் இரு பக்கத்துக்கும் பொதுவாகிவிடுகின்றன. இந்த ஆய்வை நடத்தியதும் பூச்சு விற்கும் ஒரு பெருநிறுவனமே என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் நாம் சொல்லித் தருவது இதைத்தானே? தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி! பச்சைப்பயற்றைப் பஞ்சில் முளைக்க வைக்கும்போது, ஒரு குவளைக்கு நீர் ஊற்றி மறு குவளைக்கு ஊற்றாமல் விடுகிறோம். ஒரே ஒரு குவளையை மட்டும் வைத்து 'நீர்தான் காரணம்' என்று எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் தருவோமா? தேர்வுத் தாளில் அவ்வளவு கண்டிப்பாக இருக்கும் நான், சந்திப்பு நாளன்று அந்தத் தாயாருக்கு ஒரு குவளையைக்கூடக் கேட்டுப் பார்க்காமல் முழு மதிப்பெண் தந்து அனுப்பிவிட்டேன்.

பெற்றோர் அறிய வேண்டியவை

நம் நாட்டில் 2008 முதல் ஒப்பனைப் பொருள்கள் ஆசியான் நாடுகளின் பொது ஏற்பாட்டின்படி அறிவிக்கை முறையில் விற்பனைக்கு வருகின்றன. பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அதனை அறிவித்து எண் பெற வேண்டும். அவ்வெண் இருப்பது நல்லதே. இல்லாத பொருளைத் தொடவே கூடாது. ஆனால், அந்த எண் 'சுருக்கம் போகும்' என்ற கூற்றுக்கு அரசு தந்த சான்றிதழ் அன்று. கூற்றுக்குப் பொறுப்பு அந்நிறுவனத்தையே சாரும். 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று யாரேனும் சொன்னால், எதற்கான அங்கீகாரம் என்று கேளுங்கள்.

வேறொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996வரை ஒரு சோதனை நடந்தது. 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் தோல் மாற்றம் நாலரை ஆண்டுக் காலத்துக்குக் கணக்கிடப்பட்டது. நாள்தோறும் வெயில்காப்புப் பூச்சு தடவச் சொல்லப்பட்டவர்களின் தோல், விருப்பம்போல் தடவியவர்களின் தோலைவிட 24 விழுக்காடு குறைவாக முதுமையடைந்திருந்தது. முடிவு 2013இல் வெளிவந்தது. பத்துப் பேர் எங்கே, 903 பேர் எங்கே! முப்பது நாள் எங்கே, நாலரை ஆண்டு எங்கே! ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் குடையும் வெயில்காப்புப் பூச்சும் செய்யும் உதவிக்கு இருக்கும் சான்று, 180 ரிங்கிட் குப்பிக்கு இல்லை.

மீண்டும் அந்தத் தாயாரிடம்

இவ்வளவையும் படித்து முடித்த பின், அந்தத் தாயாரைப் பள்ளிக்கு வரச் சொல்லாமல் நானே மாலையில் அவர்களின் வீட்டுக்குச் சென்றேன். கூடத்தின் மூலையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"அம்மா, அன்று நான் சரியாகப் படித்துப் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்" என்று தொடங்கி, நான்கு கதவுகளையும் பத்துப் பெண்களையும் அவருக்குப் புரியும்படி சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ, இதுல ஒண்ணுமே இல்லையா சார்?"

"ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோலுக்கு ஈரம் கிடைக்கும். மெல்லிய கோடு சிலருக்குக் கொஞ்சம் மறையலாம். ஊசி போட்ட மாதிரி ஆகும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை."

அவர் பெட்டிகளைப் பார்த்தார். "முகத்துக்கு ஈரம் கொடுக்கும்னு சொல்லி வித்தா, நூத்தி எண்பது வெள்ளிக்கு யார் சார் வாங்குவாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு அவர் ஒன்று சொன்னார்: "உங்க மேல கோபம் இல்ல சார். ஆனா, நீங்க சொன்னீங்கன்னு நான் நாலு பேருகிட்ட சொன்னேன். அவங்ககிட்ட நான்தான் போய்ச் சொல்லணும்."

மீதமிருந்த குப்பிகளில் சிலவற்றை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. மற்றவற்றில் அவருக்கு இழப்புதான். இழப்பில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். அந்த நால்வரில் இருவரின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அவர்களிடம் நானும் சென்று பேசினேன்.

அந்தத் துண்டறிக்கை இப்போது என் வகுப்பறையில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை மறைத்துப் படியெடுத்து, ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஆண்டுதோறும் கொடுக்கிறேன். 'இதில் எத்தனை பேர் சோதிக்கப்பட்டார்கள்? ஒப்பிட்ட குழு எது? எவ்வளவு காலம்? யார் செலவு செய்தார்கள்? மாறிகளை நிர்ணயித்து எழுதுக' என்பது பயிற்சி. சென்ற முறை அத்தாயாரின் இளைய மகள் அந்தப் பயிற்சியைச் செய்தாள். முதல் கேள்விக்கு அவள் எழுதிய விடை: 'துண்டறிக்கையில் குறிப்பிடப்படவில்லை, ஆகவே கேட்க வேண்டும்.'

அந்த விடைக்கு முழு மதிப்பெண் தந்தேன். இம்முறை படித்துப் பார்த்துத்தான் தந்தேன்.